வர்றேன் என்று சொல்லிப் போனவன்

கல்யாணத்தை முறித்துத் தரச் சொல்லி முஸ்லிம் பெண்ணே கோர்ட்டுக்குப் போகலாம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. போன மாதம் ஒரு வக்கீல் குமாஸ்தா பள்ளிவாசலில் உட்கார்ந்து அதைப் பத்திரிகையிலிருந்து சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி முடிச்சு வச்சீக, நாயிபே?" என்று கேட்டார். முடித்து வைத்தோம் என்று இவருக்கு யார் சொன்னது? வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான் போடிநாயக்கனூர் காஜியாரிடம் நாயிபாக, அதாவது அவருக்கு அடுத்த ஆளாக, இருந்தவன். நிக்காஹ் நடக்கும் வீட்டில் ஆட்களை உட்கார வைப்பது, திரைக்கு வெளியே நின்று பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது, சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது, சம்பந்திகள் சண்டை போட்டால் இரண்டு பக்கமும் வசவு வாங்குவது, இவ்வளவும் என் சோலி. படிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. வடக்கே ஒரு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். அத்தா மௌத்தாகி வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லாமல் போனதும் பாதியில் திரும்பிவிட்டேன். முதல் சில வருஷம் காஜியார் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்ததுதான் பயிற்சி.

காஜியார் ஆற்காட்டுப் பக்கத்தவர். வீட்டில் உருது பேசுவார். ஆனால் எங்கள் ஊர்த் தமிழை ஆசையாகக் கற்றுக்கொண்டு, வர்றீக, போறீக என்று எங்களைப் போலவே பேசுவார். மலைக்கூலி வந்தாலும் ஜமீன் ஆள் வந்தாலும் மரியாதை ஒன்றுதான். நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டார். வந்தவரை உட்கார வைப்பார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார், பிறகு கேள்வியை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொல்வார். இரண்டாம் தடவை சொல்லும்போது பாதிப் பேர் கேள்வியையே மாற்றிவிடுவார்கள். சட்டக் கிதாபில் இல்லாத ஒன்றைக் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று கூசாமல் சொல்வார். அந்த வார்த்தையைச் சொன்ன பெரிய மனிதர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

மதம் கலந்த கல்யாணம் என்று வந்துவிட்டால் ஊர் கொதிக்கும். அவர் கொதிக்க மாட்டார். ஒரு மளிகைக்கடை ராவுத்தரின் மகன் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவள் கலிமா சொல்லி நம் மார்க்கத்துக்கு வந்தால் பார்க்கலாம் என்றார் தகப்பனார். காஜியார், "வேதம் கிடைச்ச கூட்டத்துப் பொண்ணு, அவங்க மார்க்கத்துலயே இருந்துக்கிட்டு நம்ம பையனைக் கட்டலாம். கலிமா சொல்லித்தான் ஆகணும்னு நம்ம கிதாபுல இல்ல. உங்களுக்கு ஆசைன்னா அது வேற" என்றார். அதே கேள்வியை மலையாளத்துப் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம் வியாபாரி ஒருவர் கேட்டபோது, "நீங்க ஷாபி மத்ஹபு, நாங்க ஹனபி, சட்டவழி வேற. அந்தப் பொண்ணோட முன்னோர் எந்தக் காலத்துல அந்த மார்க்கத்துக்கு வந்தாங்கன்னு உங்க கிதாபு கேக்கும். உங்க முஸ்லியாரைக் கேட்டுக்கங்க" என்று அனுப்பிவிட்டார். ஆளைப் பார்த்துச் சட்டம் சொல்கிறார் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

முஸ்லிம் பெண் வேறு மதத்தவனைக் கட்டுவது மட்டும் எந்த மத்ஹபிலும் கிடையாது. அப்படி ஒரு பெண் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு நேரே வந்து கேட்டாள். "ஆகாதும்மா" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குள் போய்விட்டார்கள். பெண்ணின் அத்தா வந்து, அவள் செத்துவிட்டதாக நினைத்து பாத்திஹா ஓதித் தரச் சொன்னார். "உசுரோட இருக்கிறவங்களுக்கு ஓத முடியாது" என்று அவரைத் திருப்பி அனுப்பினார் காஜியார். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரோடும் கடைசிவரை பேசவில்லை.

இப்போது பேச்சியின் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்த காலம். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் பேச்சியும் அவள் புருஷன் சடையனும் வேலை பார்த்தார்கள். பச்சை ஏலக்காயை வாட்டும் ஸ்டோரில் நெருப்புப் பார்க்கிற வேலை அவனுக்கு. அறைக்குள் ஓடும் தகரக் குழாய் எந்நேரமும் கொதிக்கும். ஒருநாள் ஏதோ கோபத்தில் பெண்டாட்டியின் கையைப் பிடித்து அந்தக் குழாயில் வைத்து அழுத்திவிட்டான். அவள் வெந்த கையோடு மலை இறங்கிப் போடிக்கு வந்தாள். கதீஜாம்மா என்ற விதவை தன் சரக்குக் கிட்டங்கியில் பெண்களை வைத்து ஏலக்காய்க் காம்பு கிள்ளும் வேலை நடத்திவந்தார். அவர்தான் இவளுக்குச் சோறு போட்டு, கைக்கு மருந்து கட்டி, ஒதுங்க இடமும் கொடுத்தார்.

சில மாதம் கழித்துப் பேச்சி கலிமா சொல்ல வேண்டும் என்றாள். காஜியார் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்.

"யாரையாச்சும் கட்டப்போறீகளா, அம்மா?"

"யாரையும் இல்ல சாமி. மேல போகாம இருந்தாப் போதும்."

நான் மெல்ல, "ஹஜரத், புருஷனைக் கழட்டி விடத்தான் வந்திருக்கா போலிருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உள்ளத்தைப் பிளந்து பாக்குற கத்தி நம்மகிட்ட இல்லை, நாயிபு. நாக்கு சொல்றதுதான் நமக்குச் சாட்சி" என்றார். அன்றைக்கே அவள் கலிமா சொன்னாள். மர்யம் என்று பெயர் வைத்தோம். ஆனால் கிட்டங்கிப் பெண்கள் பேச்சி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான்.

இனி புருஷன். மனைவி தீனுக்கு, அதாவது நம் மார்க்கத்துக்கு, வந்து புருஷன் வராமல் இருந்தால் என்ன செய்வது என்று எங்கள் கிதாபில் தெளிவாக இருக்கிறது. காஜி அவனைக் கூப்பிட்டு, நீயும் வருகிறாயா என்று கேட்க வேண்டும். வந்தால் அவள் அவன் மனைவிதான். புதிதாக நிக்காஹ்கூட வேண்டாம். மாட்டேன் என்றால் இருவரையும் பிரித்துவிட வேண்டும். வாயே திறக்காமல் இருந்தால் மூன்று முறை கேட்டுவிட்டுப் பிரிக்கலாம். இங்கிலீஷ் கோர்ட்டு இதை ஒப்பாது. மதம் மாறினாலும் பழைய கல்யாணம் அப்படியே நிற்கும், வேறு ஒருவனைக் கட்டினால் ஜெயில் என்பது அவர்கள் பேச்சு. இருந்தாலும் காஜியார் பிரித்துவிட்டார் என்றால் ஊர் அவளுக்கு முன்னால் நிற்கும். சடையனும் கீழே வந்து வம்பு செய்ய யோசிப்பான். பேச்சிக்கு இருந்த ஒரே வேலி அதுதான்.

சந்தை நாளில் சடையன் உப்பும் புகையிலையும் வாங்க இறங்கினான். தோட்டத்துக் கங்காணியும் கூட வந்தார். நான் போய் நயமாகப் பேசிக் கூட்டிவந்தேன். பள்ளிவாசல் முன்னால் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார வைத்தோம். சாட்சிக்கு நானும், மிளகுத் தரகர் கனி ராவுத்தரும். சடையன் பார்ப்பதற்கு ஒரு சாதுவான ஆள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இவனா அப்படிச் செய்தான் என்று தோன்றும்.

கலிமா சொல்லிச் சேருவதைத் தீனுக்கு வருவது என்றுதான் எங்கள் ஜனங்கள் சொல்வார்கள். காஜியாரும் அவனுக்குப் புரியும் தமிழிலேயே கேட்டார்.

"உங்க வீட்டம்மா தீனுக்கு வந்துட்டாங்க. நீங்களும் தீனுக்கு வர்றீகளா?"

பதில் இல்லை. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். அவன் கங்காணியின் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பேசவில்லை. இன்னும் ஒரு முறைதான். அப்போதும் அவன் பேசாமல் இருந்துவிட்டால் பேச்சி தப்பித்தாள்.

"கடைசியாக் கேக்குறேன். தீனுக்கு வர்றீகளா?"

சடையன் எழுந்தான். துண்டை உதறித் தலையில் கட்டினான். உப்பு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். காஜியாரைப் பார்த்துக் கும்பிட்டு, "அப்ப வர்றேன் சாமி" என்றான். கங்காணியோடு நடந்து போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் விடைபெறுகிற எவனும் போறேன் என்று சொல்ல மாட்டான். சாவு வீடு தவிர எங்கிருந்து புறப்பட்டாலும் வர்றேன் என்றுதான் சொல்வான். பெண்டாட்டியின் கையைக் குழாயில் வைத்து அழுத்தத் தெரிந்தவனுக்குப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டு போகவும் தெரிந்திருந்தது. சனியன், அன்றைக்குப் பார்த்து அவனுக்கு மரியாதை வந்து தொலைத்தது.

காஜியார் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கனி ராவுத்தர், "சொல்லிக்கிட்டுக் கெளம்புனான் ஹஜரத், அம்புட்டுத்தான்" என்றார். நானும் அதையே சொன்னேன். காஜியார் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார்.

"அவர் விடைதான் சொன்னார்னு எனக்கும் தெரியும். ஆனா நான் கேட்டது வர்றீகளான்னு. அவர் வாயில வந்தது வர்றேன்னு. கேள்வியில இருக்கிறது பதில்லயும் இருக்கிறதா எடுத்துக்கணும்ங்கிறது சட்டம். இது மறுப்பும் இல்லை, மௌனமும் இல்லை. இதை வச்சு ஒரு மனுசனை அவர் பெண்டாட்டிகிட்ட இருந்து நான் எப்படிப் பிரிக்க?"

"அவன் வரப்போறதில்ல ஹஜரத். ஊருக்கே தெரியும்" என்றேன் நான்.

"ஊருக்குத் தெரியுறது சாட்சி ஆகாது. நீங்க மேல போய் வெளங்கக் கேளுங்க. வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிசமே பிரிச்சுடறேன்."

மறுநாளே ஏறினேன். குரங்கணி வரைக்கும் ஒரு பொதிமாட்டுக்காரன் துணைக்கு வந்தான். அதற்கு மேல் அட்டைக்கடியில் தனியாக. ஆனால் எனக்கு முன்பே சேதி ஏறிவிட்டது. கனி ராவுத்தர் நல்லவர்தான், வாய் மட்டும் நிற்காது. சந்தைக் கடையில் உட்கார்ந்து, பார்த்தீகளா இந்த அநியாயத்தை என்று சொல்லித் தீர்த்திருக்கிறார். சுமைக்காரர்கள் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஸ்டோர் வாசலில் போய் நின்றதும் கங்காணி சிரித்தார்.

"வாங்க நாயிபே. எங்காளு வர்றேன்னு சொன்னதுக்கே பொண்டாட்டி அவனுக்குத்தான்னு ஆயிருச்சாம்ல?"

"அதை வெளங்கக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். சடையா, நீ வர்றேன்னது விடை சொன்னதுதானே? தீனுக்கு வர இஷ்டமில்லதானே?"

சடையன் அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டுத் திரும்பினான். சிரிக்கவில்லை. "வர்றேன்னுதான சொன்னேன்? வர்ற சந்தைக்கு வர்றேன். சாமிகிட்டச் சொல்லிருங்க" என்றான்.

சொன்னபடி வந்தான். குளித்து, வேட்டியைத் துவைத்துக் கட்டியிருந்தான். யாரோ கொடுத்த தொப்பி தலையில் இருந்தது. காஜியார் சொல்லச் சொல்லக் கலிமாவை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். இனிக் கை ஓங்குவதில்லை என்று வாக்கும் கொடுத்தான். காஜியார் அதோடு விடவில்லை. மனசு ஒட்டாத பெண், நீங்களே தலாக் சொல்லி விட்டுவிடலாமே என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். "என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போகத்தான சாமி வந்தேன்" என்றான் அவன்.

திரைக்குப் பின்னால் இருந்த பேச்சியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். திரையை விலக்கிக்கொண்டு நேரே காஜியார் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சொன்னப்ப நம்புனீக சாமி. அவன் சொன்னாலும் நம்பிருவீகளா?"

"நம்பித்தான் ஆகணும்மா. உங்களுக்கு வச்ச அதே சட்டம்தான் அவருக்கும்."

"என் கையப் பாத்தீகள்ல?"

அவர் பார்த்திருந்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மடக்க முடியாமல் இருந்த கை அது. அவர் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் வார்த்தை மாறவில்லை.

கதீஜாம்மா மட்டும், "நான் அனுப்ப மாட்டேன்" என்று கொஞ்ச நேரம் நின்றார். அடுத்தவன் பெண்டாட்டியை அடைத்து வைத்திருக்கிறாய் என்று போலீசுக்குப் போவோம் என்றார் கங்காணி. போனால் கேஸ் நிற்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கோர்ட்டும் கிதாபும் ஒத்துப்போயின. காஜியாரை அன்று கல்நெஞ்சர் என்று ஏசியவர்கள் உண்டு, சட்டத்தைக் காத்தார் என்று மெச்சியவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தின் மேலும் எனக்கு எரிச்சல்தான். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை அவர்கள்.

பேச்சி மாற்றுச் சேலையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசல்படி தாண்டும்போது கதீஜாம்மாவைப் பார்த்து, "போறேன்" என்றாள்.

கதீஜாம்மா பதறிப்போனார். "அப்படிச் சொல்லாத ஆத்தா. வர்றேன்னு சொல்லு."

"வர்றேன்னு சொன்னா என்ன ஆகும்னு பாத்துட்டேன்லம்மா. நான் போறேன்."

சடையன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். வேப்பமரத்தைத் தாண்டும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடைமழை முடிந்து தடம் காய்ந்தபோதுதான் சேதி இறங்கியது. பேச்சி செத்துப்போய்ச் சில வாரம் ஆகியிருந்தது. எங்கள் மத்ஹபில் இறந்தவரின் மையித்து இல்லாத இடத்தில் ஜனாஸா என்கிற கடைசித் தொழுகை கிடையாது. தொழாமல் அடக்கிவிட்டிருந்தால், உடல் கெட்டிராது என்று எண்ணும்வரை கபுருக்கே போய் நின்று தொழலாம். அந்தக் கெடு தாண்டியிருந்தால் துஆ மட்டும்தான். காஜியாருக்கு அப்போதே மூச்சு வாங்கும். நான் மட்டும் போகிறேன் என்றேன். கேட்கவில்லை; கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கனி ராவுத்தரும் வந்தார். வழி நெடுக அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

ஓடைக்கு மேல் ஈரமண்ணில் ஒரு மேடு. தலைமாட்டில் ஒரு கல். வழிகாட்டி வந்த சுமைக்காரரைக் காஜியார் கேட்டார்.

"எதனால மௌத்தானாங்க?"

"காச்சல்னு சொல்லச் சொன்னாக."

காஜியார் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. சடையன் தோட்டத்தில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.

"அவர் தொழுறாரா? தொப்பி போட்டுக்கிட்டு இருந்தாரா?"

சுமைக்காரர் கீழே ஓடையைக் கைகாட்டினார். "தொப்பியா? ஏறுன அன்னைக்கே, இந்தா இந்த ஓடையில சுருட்டி எறிஞ்சுட்டான் சாமி. இனி எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பொண்டாட்டி வந்துட்டால்லன்னு சொல்லிச் சிரிச்சான். நாங்க எல்லாரும் இருந்தோம். அந்தப் பிள்ளையும் நின்னுச்சு."

காஜியார் அப்படியே கபுருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் விளங்கிவிட்டது. தீனை விட்டு வெளியே போகிறவனின் நிக்காஹ் அந்த நிமிடமே முறிந்துவிடும். காஜியும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். ஏறிய முதல் நாளே, அந்த ஓடைக்கரையில் வைத்தே, பேச்சி அவனுக்கு மனைவி இல்லை. திரும்பி இறங்கியிருந்தால் காஜியார் ஊரையே கூட்டிச் சொல்லியிருப்பார். அது அவளுக்குத் தெரியாது. மலையில் இருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் கீழே இருந்தோம்.

"அன்னைக்கே அவங்க விடுதலை, நாயிபு" என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

தொழுகிற கெடு தாண்டிவிட்டது என்று அவரே சொன்னார். கையேந்தி துஆ கேட்டார். நாங்கள் ஆமீன் சொன்னோம். கபுரை விட்டு வரும்போது அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லி, அல்லாஹ் நாடினால் நாங்களும் உங்களிடம் வந்து சேருவோம் என்று சொல்லிவிட்டு வருவது வழக்கம். எல்லாரும் அதை அரபியில்தான் சொல்வோம். காஜியாரும் அரபியில் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பாமல், அந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு எங்கள் ஊர்த் தமிழில், "நாங்களும் வர்றோம்மா" என்றார்.

கம்பை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.